எச்சில் விரல்

அன்றைக்கு மியூசியத்தின் மேல்மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். எங்கள் சார். நான். காவலுக்கு இருந்த மணியம் அண்ணன். ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த ராக்கம்மா அக்கா. காதில் கருவி மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண். ஆறாவது ஆள் கிடையாது. முதலிலேயே இதை எழுதி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் பிறகு கேட்டபோது மணியம் அண்ணன், தான் கீழே வாசலில் இருந்ததாகச் சொல்லிவிட்டார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். சார் எழுதி வைத்ததில் ராக்கம்மா அக்காவின் பெயரே இல்லை.

எனக்கு இப்படி எண்ணி வைக்கும் பழக்கம் உண்டு. இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. படித்தவர்கள் ஒரு பேச்சில் நம்மைத் தலைகீழாக்கிவிடுவார்கள். எண்ணி வைத்ததைத் தவிர நம்மிடம் என்ன இருக்கிறது? காலையில் பாகான் டாலாமிலிருந்து வந்து பெர்ரி ஏறினால், அடுப்பை அணைத்தேனா என்று மனம் அடித்துக்கொள்ளும். சாயங்காலம் மியூசியத்தின் பின்கதவைப் பூட்டினேனா என்று அடித்துக்கொள்ளும். இரண்டு தடவை பெர்ரியைவிட்டு இறங்கித் திரும்பி ஓடியிருக்கிறேன். இரண்டு தடவையும் கதவு பூட்டித்தான் இருந்தது.

சாரின் பெயரை எழுதப் போவதில்லை. வழக்கு கிழக்கு என்று வந்தால் யார் அலைவது? அவரை அடையாளம் சொல்லப் பெயர் தேவையும் இல்லை. நல்ல சட்டை, நல்ல வாசனை, கோலாலம்பூரில் படித்து வெளிநாடும் போய் வந்தவர். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் எந்நேரமும் ஈரம். பக்கம் திருப்ப நாக்கில் ஒரு தொடல். பிளாஸ்டிக் பையைப் பிரிக்க ஒரு தொடல். காகிதத்துக்குச் செய்கிறார், போகட்டும். தொடுதிரைக்கு எச்சில் எதற்கு? அதற்கும் நாக்கில் வைத்துத்தான் எடுப்பார். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று கஞ்சனைச் சொல்வார்கள். இவர் அந்த விஷயத்தில் தாராளம். எச்சில் கையால் உலகத்தையே ஓட்டினார்.

"போஸ்ட் ஆபீஸ்ல இருக்க வேண்டிய ஆளு தங்கச்சி," என்பார் மணியம் அண்ணன். "ஸ்டாம்பு ஒட்டுறதுக்குத் தண்ணி டப்பா மிச்சம்."

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டைப் புதுப்பித்து நடத்திய சின்னத் தனியார் மியூசியம் அது. ஆள் ஏற்றும் மூன்று சக்கரத் திரிஷா வண்டியின் விளக்கு, கடைப் பலகைகள், பழைய பஸ் டிக்கெட்டுகள், சாதாரண ஜனங்களின் காகிதங்கள் என்று கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தார்கள். நான் அங்கே துப்புரவு வேலை. சார் வரும்வரை எல்லாக் கண்ணாடிப் பெட்டிமேலும் 'தொடாதீர்' என்று நான்கு மொழியில் ஒட்டியிருந்தது. தூசி தட்டினால் வேலை முடிந்தது. சார் வந்த ஆறாவது மாதம் அந்த ஸ்டிக்கர்களையெல்லாம் என்னைக் கொண்டே சுரண்டி எடுக்கச் சொன்னார். பன்னிரண்டு தொடுதிரைகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றின் மேலேயும் 'தொடுங்கள்'.

தொட்டார்கள். மூக்கு நோண்டிய விரலால் பிள்ளைகள் தொட்டன. மீ கோரெங் சாப்பிட்டுக் கை கழுவாமல் வந்தவர்கள் தொட்டார்கள். காலை ஒன்பது மணிக்குப் பளிங்காக இருக்கும் கண்ணாடி பதினொரு மணிக்கு எண்ணெய்க் கடைப் பலகை மாதிரி ஆகிவிடும். மிளகாய்த் தோல் ஒன்று ஒட்டிக் காய்ந்து கிடந்ததை நகத்தால் எடுத்திருக்கிறேன். ஜனங்கள் விட்டுப் போவது எண்ணெய், வியர்வை. அது மனிதர்கள் வந்து போன அழுக்கு, துடைத்துவிடலாம். சார் விட்டுப் போவது மட்டும் எனக்குத் தெரியும். வட்டமாக, ஒரே அளவில், நடுவில் பளபளப்பாகக் காய்ந்திருக்கும். அதைத் துடைக்கும்போது மட்டும் வேறு துணி எடுப்பேன். அந்தத் துணியை மற்றத் துணிகளோடு சேர்க்க மாட்டேன். சோற்றில் கை வைக்கும்போது அந்த வட்டங்கள் ஞாபகத்துக்கு வரும். பல நாள் பாதிச் சோறு நாய்க்குப் போயிருக்கிறது.

அவர் வாயில் எப்போதும் ஒரு வார்த்தை. "அதான் உள்ள இருக்கே!" ஒரு பழைய சாமானைச் சுற்றி வெளிச்சம் போட்டு நூற்றுக்கணக்கில் படம் எடுப்பார்கள். கணினியில் அது உருண்டு திரண்டு நிற்கும். அதன்பிறகு அந்தச் சாமான் எங்கே கிடந்தாலும் அவருக்குக் கவலையில்லை. ஸ்டோர் ரூமில் கடைப் பலகை ஒன்றைக் கரையான் அரிப்பதைப் பார்த்து நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "விடுங்கக்கா, அதான் உள்ள இருக்கே," என்று சிரித்தார். அந்தப் பலகையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து நானும் மணியம் அண்ணனும் வெயிலில் வைத்தோம்.

அவர் செய்தது எல்லாமே பொய் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். எங்கள் பிளாட்டில் அந்தோணி அண்ணன் என்று ஒருவர், கண் தெரியாதவர், உடம்பு பிடித்துவிடும் வேலை. மியூசியம் என்றால் நமக்கென்ன என்று இருந்தவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். பெட்டிக்குள் இருக்கும் திரிஷா விளக்கைப் போலவே பிளாஸ்டிக்கில் ஒன்று செய்து, தொட்டுப் பார்க்கட்டும் என்று வெளியே வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பொத்தான், அமுக்கினால் தமிழில் கதை சொல்லும். அந்தோணி அண்ணன் விளக்கைத் தடவிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் கையை நிறுத்தினார்.

"இந்தப் பக்கம் நசுங்கியிருக்குலா! ஏதோ கெரேத்தா இடிச்சிருக்கு. எங்கப்பா வண்டியிலயும் இதே எடத்துலதான்," என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். கெரேத்தா என்றால் கார்; அவர் அப்பா திரிஷா ஓட்டியவர். நான் தினமும் தூசி தட்டுகிறேன், அந்த நசுங்கல் என் கண்ணில் பட்டதே இல்லை. அன்றைக்குச் சாரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அண்ணன் படியிறங்கியதும் சார் வந்தார். "அக்கா, அந்த வெளக்க ஸ்பிரிட் போட்டு நல்லாத் தொடைங்க. எங்கெங்கயோ தொட்டுட்டு வந்து தடவிட்டுப் போறாங்க." சொல்லிவிட்டு விரலை நாக்கில் வைத்து வருகையாளர் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார்.

கும்பிட நினைத்த கையில் ஸ்பிரிட் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம்தான் 'இங்கே பிறந்தவர்கள்' வந்தது. பினாங்கில் பிறந்த சாதாரண ஆட்களின் பழைய பிறப்புப் பத்திரங்களைத் திரையில் வரிசையாக வைப்பது. ஒன்றைத் தொட்டால் பெரிதாகும், மூன்று மொழியில் படித்துக் காட்டும். தமிழர் வீட்டுப் பத்திரம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று சார் புலம்பிக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ராக்கம்மா அக்காவும் நானும் முன்பு ஆயர் ஈத்தாமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்து தட்டு கழுவியவர்கள். அவர் பிறந்தது இதே தீவில்தான். ஆனால் கையில் இருப்பது சிவப்பு ஐசி; குடியிருக்கலாம், குடிமகள் இல்லை என்கிற அடையாள அட்டை. அப்பா அம்மா அந்தக் காலத்தில் எங்கே என்ன பதியத் தவறினார்களோ, மூன்று தடவை குடிமக்களுக்கான நீல அட்டைக்கு எழுதிப் போட்டுத் திரும்பி வந்துவிட்டது. பதிவு இலாகாவில் அவர் பிறந்த வருடத்துப் பதிவைத் தேடியும் கிடைக்கவில்லை. அக்காவிடம் இருந்த ஒரே அத்தாட்சி, ஊதா மையில் எழுதிய ஒரு பழுப்புக் காகிதம். பிறப்புப் பத்திரம் என்பதைச் சூராட் பெரானாக் என்று மலாயில்தான் சொல்வார். அரிசி டின்னுக்குள் அடியில் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்தார்.

"நீல ஐசி வந்தா என்னாக்கா செய்வீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக் காசு கொறையும். ஓட்டுப் போடலாம்." கொஞ்சம் யோசித்து, "செத்தா, பேப்பர்ல இந்த ஊர்க்காரின்னு எழுதுவான்லா," என்றார்.

அந்தக் காகிதத்தை நினைத்து எனக்கு அவரைவிட அதிகப் பயம். பிளாட்டில் தீப்பிடித்தால்? எலி கடித்தால்? மழைத் தண்ணீர் ஏறினால்? "அக்கா, எங்க மியூசியத்துல ஸ்கேன் எடுத்து உள்ள வெச்சுட்டா அது அழியாது. ஒரே வாரம், நானே கொண்டாந்து தரேன்," என்றேன். அவர் தயங்கினார். நான் விடவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். என் பயம்தான் அந்தக் காகிதத்தை அரிசி டின்னிலிருந்து வெளியே இழுத்தது.

ஸ்கேன் எடுத்தபோது பக்கத்தில் நின்றேன். முன்பக்கம் முதலில் விழுந்தது. கணினியில் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் நேற்று எழுதியதுபோல இருந்தது. பின்பக்கத்துக்காகத் திருப்ப வேண்டும். காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. சார் விரலை நாக்கில் வைத்தார். "சார், நான் எடுத்துத் தரேன்," என்றேன். அதற்குள் மேல்மூலையில் வைத்து அழுத்தித் தள்ளிவிட்டார். பதிவு எண் இருந்த மூலை.

விரலை எடுத்தார். நுனி ஊதாவாக இருந்தது.

அதைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு, பழக்கம் விடுமா, அதே விரலை மறுபடியும் நாக்கில் வைத்தார்.

காகிதத்தில் ஏழெட்டு எண்கள் இருந்த இடத்தில் இரண்டுதான் தெரிந்தன. மிச்சம் ஒரு ஊதாத் தடவல். "ஒண்ணுமில்லக்கா, அதான் உள்ள இருக்கே," என்றார். காகிதத்தை உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். நான் ஸ்கேனர் கண்ணாடியில் இருந்த ஊதாவைத் துடைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். மத்தியானம் வருகையாளர்கள் முன்னால் நின்று சார் பேசினார். சிரிக்கும்போதெல்லாம் நாக்கு தெரிந்தது, நாவற்பழம் தின்றது மாதிரி. ராக்கம்மா அக்காவின் எண் அங்கே இருந்தது. அந்தத் துணியை அன்றைக்குக் குப்பையில் போட்டேன். அடுத்த நாள் போய்க் குப்பைப் பையைக் கட்டி வெளியே வைத்தேன். அதற்கப்புறமும் கை கழுவிக்கொண்டே இருந்தேன்.

திரை திறந்து வைத்தபோது பாராட்டு, மாலை, பெரிய மனிதர்கள். ராக்கம்மா அக்காவின் பத்திரம்தான் முதலாவது. ஆள் உயரத்துக்குப் பெரிதாகி நிற்கும். பெண் குரல் ஒன்று அவர் பெயரை மூன்று மொழியிலும் இனிமையாகச் சொல்லும். ஒரு வாரம் என்றேன், நான்கு மாதம் ஆனது. அக்கா போன் செய்வார், நான் சாரிடம் கேட்பேன், சார் "ஆர்க்கைவ்ல இருக்குக்கா, எங்கயும் போகல," என்பார். நான் அதையே அக்காவிடம் சொல்வேன். ஆர்க்கைவ் என்றால் அந்த மேசை இழுப்பறைதான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு இலாகாவிலிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. அசல் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, குறித்த நாளில் காலை பத்து மணிக்கு நேரில் வா. கடிதம் வந்து இரண்டு வாரமாக அவர் எனக்குப் போன் செய்துகொண்டிருந்தார். கடைசியில், அந்த நாளுக்கு முந்திய நாள், பஸ் ஏறி வந்துவிட்டார். டிக்கெட் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் முழித்துக்கொண்டு நின்றவரை மணியம் அண்ணன் பார்த்து, "நம்ம தங்கச்சியப் பாக்கத்தானே வந்தீங்க, இப்படி வாங்க," என்று பின்கதவு வழியாக மேலே கூட்டி வந்தார்.

அந்த ஐந்து பேரும் ஓர் அறையில் நின்றது அப்படித்தான்.

வெள்ளைக்காரப் பெண் அக்காவின் பத்திரத்தைத்தான் விரலால் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் பெண் குரல் பெயரைச் சொன்னதும் அக்கா நின்றுவிட்டார். "ஏன்டி, இது என் பேருலா," என்றார் என்னிடம். அக்காவின் குரல் கேட்டு அந்தப் பெண் திரும்பி, அழகாக இருக்கிறது என்பதுபோலக் கட்டைவிரலைக் காட்டினாள்.

சார் உள்ளே வந்தார். யாரென்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது, அதுவும் நடிப்பில்லை. "அம்மா! வாங்க, வாங்க. பாத்தீங்களா, எத்தன பேரு உங்களப் பாக்குறாங்க!"

"சந்தோசம்யா. என் சூராட்டக் குடுங்க. நாளைக்கு எனக்கு இலாகாவுக்குப் போவணும்."

"அதான் உள்ள இருக்கே அம்மா." விரலை நாக்கில் வைத்தார். திரையில் தொட்டு, பதிவு எண்ணைப் பெரிதாக்கினார். ஒவ்வொரு எண்ணும் என் உள்ளங்கை அகலம். "எவ்வளவு தெளிவு பாருங்க!"

ராக்கம்மா அக்கா கிட்டே போனார். சேலைத் தலைப்பில் விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டார், கோயில் குங்குமத்தைத் தொடப்போகிறவர் மாதிரி. பிறகுதான் கண்ணாடியைத் தொட்டார். தொட்டதும் எண்கள் நழுவி ஓடின. கையை எடுத்துக்கொண்டார்.

"சரிய்யா. உள்ள இருந்து எடுத்து எனக்குக் குடுங்க."

சார் என்னைப் பார்த்தார். நான் போய் மேசை இழுப்பறையைத் திறந்தேன். சாவி எப்போதும் பூட்டிலேயே தொங்கும். உறையைக் கொண்டு வந்து கொடுத்தேன். அக்கா காகிதத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் படிக்க வராது. "புண்ணியமாப் போவும்யா," என்று சொல்லிப் பைக்குள் வைக்கப் போனார். நான் பேசாமல் இருந்தால் அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

"அக்கா," என்றேன். "நம்பரு அழிஞ்சிருக்கு. சார் விரல் பட்டு அழிஞ்சிருச்சு."

சார், "சின்ன ஸ்மட்ஜ்தான்," என்றார். மணியம் அண்ணன் தரையைப் பார்த்தார். அக்கா சார் பக்கம் திரும்பவேயில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"எப்ப?"

"அப்பவே."

நான்கு மாதம் என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. திட்டியிருந்தால் தேவலை. காகிதத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். சார் அவசரமாக ஓடிப்போய்த் திரையில் இருந்ததை ஒரு பளபளக்கும் தாளில் அச்சடித்துக் கொண்டு வந்து கொடுத்தார். அருமையான தாள். எண்ணின் குறுக்கே எங்கள் மியூசியத்தின் பெயர் சாய்வாக விழுந்திருந்தது.

மறுநாள் அக்கா கூப்பிடாமலே நானும் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண், சின்னப் பெண், பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தாள். ஊதாத் தடவலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பளபளக்கும் தாளையும் பார்த்தாள். மாச்சிக் என்று உறவு வைத்துக் கூப்பிட்டு, இது படம்தானே, அசலில் எண் தெரியவில்லையே என்றாள். அவளுக்கே வருத்தமாக இருந்தது. மேலே அனுப்பிப் பார்க்கிறேன், காத்திருங்கள் என்றாள். நான் எழுந்து, அழித்தது யார் என்று பார்த்த சாட்சி நான் என்றேன். அதற்கு எழுதிக் கொடுக்க ஒரு விண்ணப்பப் பாரம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். அக்கா இன்னும் காத்திருக்கிறார். கையில் சிவப்பு அட்டை. நான் போன் செய்தால் எடுக்கிறார், "ம்" என்கிறார், வைத்துவிடுகிறார்.

நான் இலாகாவிலிருந்து திரும்பி வேலைக்குப் போனதும் சார் கூப்பிட்டார். மாடிப்படியில் ஆள் எண்ணும் கண் ஒன்று பொருத்தியிருந்தார்கள். முந்திய நாள் மேலே ஏறிய தலைக்கும் விற்ற டிக்கெட்டுக்கும் ஒன்று இடிக்கிறதாம்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா, டேலி ஆகணும்லா. உங்க ஆளுதானே, உங்க பேருல போட்டுடறேன்."

டிக்கெட் இயந்திரத்தில் இரண்டே பொத்தான்கள். நீல அட்டை உள்ளவர்களுக்கு ஒன்று, பத்து வெள்ளி கட்டணம். மற்றவர்களுக்கு இன்னொன்று, மூன்று மடங்கு. ராக்கம்மா அக்காவிடம் இருப்பது எந்த அட்டை என்று கேட்டார். சொன்னேன். விரலை நாக்கில் வைத்துக்கொண்டு, இரண்டாவது பொத்தானை அமுக்கினார்.

அந்த மாதத்தோடு நான் நின்றுவிட்டேன். இப்போது ஒரு கிளினிக்கில் வேலை. அங்கே யாரும் எதையும் தொடச் சொல்வதில்லை. சாரும் வேறு ஊருக்கு, இதைவிடப் பெரிய மியூசியத்துக்குப் போய்விட்டார் என்று மணியம் அண்ணன் சொன்னார். இயந்திரம் மட்டும் என்னை மறக்கவில்லை. மாதம் பிறந்தால் போனில் ஒரு செய்தி தானாக வந்து விழுகிறது. எனக்கு எல்லாப் பாக்கியும் பயம்; தண்ணீர் பில்லைக்கூட ஒரு வாரம் முன்னாலேயே கட்டிவிடுவேன். இதைக் கட்டவில்லை, கட்டவும் மாட்டேன். அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: வருகையாளர் ஒருவர், வெளிநாட்டவர். பாக்கி முப்பது வெள்ளி.